மஞ்சள் படாத எண்

மக்ளே, கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு நீயும் அப்பாவும் நாகர்கோவிலில் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் இந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருவனந்தபுரத்தில் கரமனை வீட்டின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நேற்றிலிருந்து ஒன்பது தடவை உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். நீ எடுக்கவில்லை. எட்டாவது தடவைக்குப் பிறகு ‘அப்புறம் பேசுறேன்’ என்று ஒரு வரி அனுப்பினாய். உன் அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும், அதனால் கையால் எழுதி ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து அனுப்பப் போகிறேன். அம்மா குரலைத் தள்ளிவிடலாம், எழுத்தைத் தள்ள உன்னால் ஆகாது. மளிகைச் சாமான் சுற்றி வந்த காகிதத்தைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவாய். நாளைக் காலை எட்டு மணிக்குள் இதைப் படித்துவிடு. அதற்குப் பிறகு படித்துப் பிரயோசனம் இல்லை.

நான் கேட்பது ஒரே ஒரு காரியம்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அந்த டியூஷன் சென்டர் கட்டடத்தின் படத்தில் வெள்ளிக்கிழமை நீ எதை மாற்றினாயோ அதைப் பழையபடி வைத்துவிடு. என் தப்பு அதில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். எனக்காகத்தான் செய்தாய் என்று தெரியும். தெரிந்ததனால்தான் கேட்கிறேன். என்ன நடந்தது என்பது உனக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பாதியை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. அதைச் சொல்ல இத்தனை பக்கம் தேவைப்படுகிறது.

எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் இருந்தது உனக்கு நினைவிருக்கும். கட்டடப் படம் எதுவானாலும் பெரிய தாளில் அச்செடுத்து மேஜை முழுக்க விரிப்போம். ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து, சரியென்றால் அதன்மேல் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு, தப்பென்றால் சிவப்பால் ஒரு சுழி. மஞ்சள் படாத எண் ஒன்று மிச்சமிருந்தாலும் அந்தத் தாள் ஆபீஸ் வாசலைத் தாண்டாது. தாளின் வலது மூலையில் வரைந்தவருக்கு ஒரு கட்டம், சரிபார்த்தவருக்கு ஒரு கட்டம். இரண்டிலும் ஒரே ஆள் கையெழுத்துப் போடக் கூடாது. இருபத்தாறு வருஷம் அந்த இரண்டாவது கட்டம்தான் என் உத்தியோகம். கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் அதே தாளைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போய், சாரம் ஏறி, கம்பியை எண்ணிவிட்டு வருவேன். நீ ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது தீர்ந்துபோன மஞ்சள் பென்சில் துண்டுகளைக் கொண்டுவந்து தருவேன். நீ வரைந்த சூரியன்கள் எல்லாம் ஆபீஸ் செலவில் உதித்தவை.

பிறகு கொரோனா வந்தது. ஆபீஸை நடத்தும் சார் எல்லோரையும் கம்ப்யூட்டரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். என்னுடையதைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி வந்தபோது கிள்ளிப்பாலத்தில் போலீஸ் மறித்து, மூட்டையை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். இந்த மேஜையில்தான் அதை வைத்தோம். ஒரு பக்கம் நீ காதில் மாட்டிக்கொண்டு காலேஜ் வகுப்புக் கேட்பாய், மறுபக்கம் நான் கட்டடம் பார்ப்பேன். உன் வாத்தியார் வீடியோவில் வந்தால் என் திரை உறைந்துவிடும், நான் பெரிய படம் ஒன்றைத் திறந்தால் உன் வாத்தியார் வாயைத் திறந்தபடி நின்றுவிடுவார். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். அச்செடுக்கும் பெரிய மிஷின் மட்டும் ஆபீசிலேயே நின்றுவிட்டது, அதை எந்த ஆட்டோவில் ஏற்ற முடியும்?

ஆளுக்கொரு வீட்டில் இருந்தபடி ஒரே படத்தில் வேலை செய்வதற்காக, கட்டடத்தை முழுதாகக் கம்ப்யூட்டருக்குள் எழுப்பிக் காட்டும் மாடலுக்கு அப்போதுதான் மாறினோம். ஓரிடத்தில் சுவரைத் தள்ளினால் எல்லாத் தாளிலும் சுவர் தானாகத் தள்ளி நிற்கும். கோப்பு இணையத்தில் எங்கேயோ இருந்தது, யார் எப்போது தொட்டார்கள் என்பதையும் அதுவே குறித்து வைத்தது. எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பஸ்ஸில் தொங்க வேண்டாம், குக்கர் விசில் அடித்தால் எழுந்து போகலாம். ஆனால் படத்தைத் திரையில் பார்ப்பது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதுபோலத்தான். பெரிதாக்கினால் ஒரு மூலை மட்டும் தெரியும். முழுதாக வைத்தால் எண்கள் எறும்பாகிவிடும். விரித்த தாளில் இடது ஓரத்து எண்ணும் வலது ஓரத்து எண்ணும் ஒரே நேரத்தில் கண்ணில் படும், கை மஞ்சள் அடித்துக்கொண்டே போகும்போது இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பென்சில் தானாக நின்றுவிடும். திரையில் அந்த நிறுத்தம் இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். சாரிடம் ஒரு தடவை சொன்னேன், எல்லாம் பழகிவிடும் என்றார். நானும் பழகிவிட்டேன்.

டியூஷன் சென்டர் வேலை இரண்டாவது வருஷத்து அலையின்போது வந்தது. முதல் மாடியில் வகுப்பறைகளுக்கு முன்னால், தூண் இல்லாமல் வெளியே நீட்டி நிற்கும் வராந்தா. முதலில் அது ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர்தான். பிள்ளைகள் இடித்துக்கொண்டு நின்றால் நோய் பரவும், இடைவெளி விட்டு நிற்க இடம் வேண்டும் என்று கட்டட உடமஸ்தர் வீடியோ மீட்டிங்கில் கேட்டார். வராந்தா இரண்டு மீட்டர் பத்து ஆயிற்று. படம் வரைகிற பையன் அவன் வீட்டிலிருந்து எண்ணை மாற்றினான், மாடலில் தளம் தானாக நீண்டது. நீளாதது ஒன்றே ஒன்று. உள்ளே கம்பி எப்படிப் போக வேண்டும் என்று காட்டும் சின்னப் படம், பழைய வேலை ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டியது. மாடலுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. வெளியே நிற்கும் நீளத்தைப்போல ஒன்றரைப் பங்கு கம்பி உள்ளே போனால்தான் அந்தத் தளத்தைப் பிடித்து நிறுத்தும். ஒரு மீட்டர் இருபதுக்கு, வெளியும் உள்ளும் சேர்த்துக் கணக்குப் போட்ட மூன்று மீட்டர்க் கம்பி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு பத்து வெளியே போனால் உள்ளே மிஞ்சுவது தொண்ணூறு சென்டிமீட்டர். உள்ளே மட்டும் இருக்க வேண்டியது மூன்று மீட்டருக்கு மேல்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும், படத்தைத் திறந்ததும் கண்டுபிடித்திருப்பாய். அம்மா திரையில் பார்த்ததால் தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து மன்னித்தும் இருப்பாய். இல்லை மக்ளே. நான் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. அது உனக்குக் காய்ச்சல் வந்த மூன்றாவது நாள். இதோ இந்த உள்ளறையில் நீ கிடந்தாய், கதவுக்கு வெளியே கஞ்சியை வைத்துவிட்டு நான் தள்ளி நிற்பேன். விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து எண்ணைச் சொல்லு என்பேன், உள்ளேயிருந்து சொல்லுவாய். காலையில் தொண்ணூற்றாறு, மத்தியானம் தொண்ணூற்று நாலு, நாலரை மணிக்குத் தொண்ணூற்றிரண்டு. அப்பா எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை இருக்கிறது என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்குள் படத்தை ஏற்றியாக வேண்டும், சைட்டில் ஆட்கள் ஊருக்கும் போக முடியாமல் வேலையும் இல்லாமல் ஷெட்டில் கிடக்கிறார்கள் என்று சார் கூப்பிட்டார். நான் கோப்பைத் திறந்தேன், சரிபார்த்தவர் கட்டத்தில் என் எழுத்தைப் போட்டேன், ஏற்றிவிட்டேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்கு நான் பார்த்த எண் உன் விரலில் இருந்த ஒன்றுதான்.

இதைப் படித்துவிட்டு, என்னால்தானே அம்மா இப்படிச் செய்தாள் என்று நீ உருகக் கூடாது. நாளைக்குத் தருகிறேன் என்று சாரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவர் ஒன்றும் ராட்சசன் இல்லை. நீ பிழைத்து எழுந்த பிறகாவது, அடுத்த வாரமாவது, திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. எதையாவது கண்டுபிடித்துவிடுவேனோ என்று பயம். நீ எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்ட சந்தோஷத்தில் அந்த பயத்தை மூடி வைத்துவிட்டேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. இரண்டு வாரம் கழித்துக் கம்பி கட்டும் முருகேசன் வீடியோவில் கூப்பிட்டார். வள்ளியூர்க்காரர், எனக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷப் பழக்கம், படத்தில் போட்டிருப்பதற்கு ஒரு கம்பி குறைத்தும் கட்டமாட்டார், கூட்டியும் கட்டமாட்டார். சைட்டுக்கு யாரும் போகாத காலம் அது, போன் கேமரா வழியாகத்தான் நான் கம்பி பார்த்தேன். வெயிலில் ஒன்றும் தெரியவில்லை, படம் விட்டு விட்டு வந்தது. முருகேசன் போனைக் கம்பியின் முனைக்குக் கொண்டுபோய், “யக்கா, வெளிய இம்புட்டு தூரம் போவுது. உள்ள கம்பி ஒரு மீட்டர்கூட இல்லியே. படத்துல இப்பிடித்தானா?” என்று கேட்டார். நான் சைட்டில் நின்றிருந்தால் அந்தக் கேள்விக்கே அவசியம் வந்திருக்காது. போனிலும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் படத்தில் தப்பு என்று சொன்னால் நான் பார்க்காமல் ஒப்புக்கொண்டது வெளியே வந்துவிடும். “படத்துல உள்ளபடி கெட்டுங்க முருகேசன்,” என்றேன். அவர் சரி என்று போனை வைத்தார். மறுநாள் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள்.

நாலைந்து வருஷமாகப் பஸ்ஸில் அந்தப் பக்கம் போக நேர்ந்தால் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்வேன். நிற்கிறதே, நிற்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஒரு இன்ஜினியரைப் பெற்ற, இருபத்தாறு வருஷம் படம் சரிபார்த்த ஒருத்தி, கட்டடம் நிற்பதைச் சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வளவு வெட்கக்கேடு என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமை உனக்குக் காபி கொண்டுவந்தபோது உன் திரையில் அந்த வராந்தா. மேலே இன்னொரு மாடி எழுப்ப வேண்டும் என்று உடமஸ்தர் கேட்டதால் சார், இப்போது அதே ஆபீசில் இன்ஜினியராக இருக்கும் உன்னைப் பழைய மாடலைத் திறக்கச் சொல்லியிருந்தார். பக்கத்தில் அவர்கள் அனுப்பிய போட்டோ, வராந்தா சுவரோடு சேரும் இடத்தில் நீளவாட்டில் ஒரு விரிசல், அதன்மேல் பட்டி பூசி பெயிண்ட் அடித்திருந்தது. கீழே பதிப்புகளின் பட்டியல், கடைசி வரியில் உன் பெயர், பத்து நிமிஷம் முன்னால் மாற்றியது. கம்பிப் படத்தில் மூன்று மீட்டர் இல்லை. இருக்க வேண்டிய ஐந்தே கால் இருந்தது. நான் கேட்டதும் மடிக்கணினியை மூடினாய். “கல்யாணம் ஒண்ணு கழியட்டும்மா, பொறவு பாக்கலாம். இப்ப டிராயிங்ல எல்லாம் கரெக்டா இருக்கு. என்னெங்கிலும் ஆச்சுன்னா சைட்ல பண்ணின மிஸ்டேக்னு ஆயிரும்,” என்றாய். உன் குரலில் நடுக்கமே இல்லை. சைட் என்று நீ சொன்னது முருகேசனை. அவருடைய பெயர்கூட உனக்குத் தெரியாது, நீ வேலைக்குச் சேர்ந்தபின் சைட் பக்கம் போனதே இரண்டு தடவை. மாடலில் கம்பி கட்டுகிற ஆளின் முகம் வராது. உன்னைக் குறை சொல்லவில்லை, உன் தலைமுறைக்கு வேலை அப்படித்தான் கைக்கு வந்தது.

இந்தப் பாடத்தை உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். எட்டாம் வகுப்பில் நீ சயன்ஸ் ரெக்கார்டை எழுதாமல் இருந்துவிட்டு, அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாய். மகனுக்குக் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்து, அந்தப் பகலில் பாதி ரெக்கார்டை நானே உட்கார்ந்து வரைந்தேன். தவளையின் வயிறு என் கைவேலை. டீச்சர் நல்ல படம் என்று எழுதியிருந்தார், இருவரும் சிரித்தோம். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொள்வதுதான் அன்பு என்று அன்றைக்கு நீ படித்துக்கொண்டாய். இன்றைக்கு எனக்கு அதையே திருப்பிச் செய்கிறாய். எனக்குக் கோபம் உன்மேல் இல்லை.

உன்னை எதிர்பார்க்காமல் நானே முடித்துவிடலாம் என்று நேற்று பார்த்தேன், முடியவில்லை. போன வருஷம் ஓய்வு பெற்ற அன்றே என்னுடைய நுழைவை எடுத்துவிட்டார்கள், கோப்பை என்னால் திறக்கவே முடியாது. உடமஸ்தரைக் கூப்பிட்டு, வராந்தாவில் யாரையும் ஏற்றாதீர்கள், முட்டுக்கொடுக்கும்வரை பூட்டிப் போடுங்கள் என்றேன். இத்தனை வருஷம் நின்றது இனி என்ன ஆகப்போகிறது என்று சிரித்தார். திங்கட்கிழமை புது பேட்ச் தொடங்குகிறது, அப்பா அம்மாமார் எல்லாம் வருவார்கள், ஆபீசிலிருந்து ஒரு எழுத்து கொண்டுவாருங்கள் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். சாரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் போனிலேயே கோப்பைத் திறந்து பார்த்தார், எனக்குக் கேட்கும்படி எண்களைப் படித்தார். “டிராயிங்ல எல்லாம் சரியாணல்லோ மேடம். மகன் கல்யாணம் அல்லே, மேடம் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கணும்,” என்றார். பதிப்புப் பட்டியலைப் பாருங்கள் என்று சொன்னேன், அது எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை. மகன் மாற்றினான் என்று என் வாய் சொல்லவில்லை. என் தப்பை நூறு பேரிடம் சொல்ல முடிந்த எனக்கு உன் தப்பை ஒருவரிடம் சொல்ல முடியவில்லை. தாய் என்று என்னைப் புகழாதே, இதுவும் கோழைத்தனம்தான்.

அந்தக் காலத்துப் படம் தாளில் இருந்திருந்தால் சுருளை எடுத்து விரித்துக் காட்டியிருப்பேன். ஆபீஸ் இனி வேண்டாம், எல்லோரும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று முடிவானபோது பரணில் இருந்த சுருள்களை எல்லாம் சாலைக் கடைத்தெருவில் பழைய காகிதக் கடைக்குப் போட்டாயிற்று. அதற்குப் பின்னால் வந்த வேலைகளுக்குச் சுருளே கிடையாது. முருகேசனிடம் வாட்ஸப்பில் அனுப்பிய படம் இருக்குமோ என்று காலையில் அவரைக் கூப்பிட்டேன். அந்த போன் மழையில் போயே போய்விட்டதாம். விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். “எனக்கும் அன்னைக்கு மனசு கேக்கல யக்கா. நீங்க சரின்னு சொன்ன பொறவுதான் நிம்மதியாப் படுத்தேன்,” என்றார். அந்த மனிதர்மேல்தான் நீ பழியை ஏற்றி வைத்திருக்கிறாய். நான் கேட்டதற்கு, நாளைக்கு முட்டுக்கொடுக்கச் சாமானோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். உடமஸ்தர் உள்ளே விட்டால்தானே.

கல்யாணத்தை நினைக்காமல் இதை எழுதவில்லை. சுபா வீட்டார் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள், மண்டபத்தில் யார் யார் காதைக் கடிப்பார்கள், உன் வேலை என்னாகும் என்று எல்லாவற்றையும் நினைத்து அழுதாயிற்று. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, இன்றைக்கு ராத்திரிக்குள் நீ சொல்லிவிடு, அல்லது இந்தக் கடிதத்தைக் காட்டு. சுபாவிடம் நீயே சொல். ஒளித்து வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு வராதே. இந்த வீட்டில் ஏற்கெனவே ஒருத்தி மூடி வைத்து வாழ்ந்து பார்த்துவிட்டாள். கல்யாணம் கழிந்தபின் சொல்லலாம் என்கிறாய். நடுவில் மூன்று வாரம் இருக்கிறது மக்ளே. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு மூன்று இடைவேளை. ஒவ்வொரு இடைவேளை மணிக்கும் அத்தனை பிள்ளைகளும் தண்ணீர் பாட்டிலோடு அந்த வராந்தாவில் வந்து நிற்பார்கள். இடைவெளி விட்டு நிற்கச் சொல்ல இப்போது யாரும் இல்லை, ஓரத்துக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து ஒட்டிக்கொண்டுதான் நிற்பார்கள்.

நீ செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பட்டியலில் உன் பெயருக்கு மேலே உள்ள வரியைத் தொட்டு, பழைய பதிப்பைத் திரும்ப எடு. பிறகு சாருக்கு ஒரு வரி எழுது. அவர் அதை உடமஸ்தருக்கு அனுப்பட்டும். பிறகு நடப்பது எல்லாம் என் தலையில், என் எழுத்து அந்தக் கட்டத்தில் இருக்கிறது. நீ மாற்றியது பற்றியும் கேட்பார்கள். மாற்றினேன், திரும்ப வைத்தேன் என்று சொல். திரும்ப வைத்ததுதான் உன்னைக் காப்பாற்றும், வேறு எதுவும் காப்பாற்றாது. கெஞ்சுகிறேன். உன்னைப் பெற்ற இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் கெஞ்சியது இரண்டே தடவை. முதல் தடவை அந்த உள்ளறைக் கதவுக்கு வெளியே நின்று, மூச்சை இழுத்து விடு மக்ளே, இன்னொரு தடவை இழுத்து விடு என்று கெஞ்சினேன். அன்றைக்கு நீ கேட்டாய்.

நாளைக் காலை ஏழரைக்கு நான் கிளம்புகிறேன். கையில் காட்ட ஒரு தாளும் இருக்காது, பைத்தியம் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். முதல் மாடிக்கு ஒரே படிக்கட்டுதான், அதன் அகலம் ஒரு மீட்டர் இருபது என்று எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வேன். எட்டரைக்குப் பிள்ளைகள் வரத் தொடங்குவார்கள். என்னை இழுத்துத் தள்ள வாட்ச்மேனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியவில்லை. அதற்குள் உன் வரி வந்துவிட வேண்டும்.

உன் அம்மா